அட்டைப்படம், நான்காம் வரைவு

இதழின் பெயர் இடதுமேல் மூலையில் என்கிறது பாடக்குறிப்பு.
கடை அடுக்கில் ஒன்றையொன்று மறைத்து நிற்கும்போது
அந்த மூலை மட்டும்தான் எட்டிப் பார்க்குமாம்.
எங்கள் இதழுக்குக் கடையே இல்லை.
பன்னிரண்டு பிரதி, அதில் ஒன்று மதிப்பெண்ணுக்கு.
மீதி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.
ஆனாலும் இடதுமேல் மூலையில்தான் வைத்தேன்:
அதிர்வு.

விலை மூன்று வெள்ளி ஐம்பது காசு.
பட்டைக்கோடு ஒரு பிஸ்கட் பொட்டலத்திலிருந்து எடுத்தது.
எந்தக் கல்லாவில் காட்டினாலும்
என் இசை இதழ் கிரீம் கிராக்கர் என்றே பதிவாகும்.

வாசகர் யார் என்று ஒரு படிவம் நிரப்பணும்.
வயது பதினேழு முதல் இருபத்து நான்கு.
வருமானம், பகுதிநேர வேலை.
கட்டம் வெறிச்சென்று இருந்ததால் பெயரும் வைத்தேன்,
கிளாரிஸ்.
பிடோக்கில் வீடு. ஓட்ஸ் பால் காப்பி.
தமிழ் தெரியாது, தாளம் பிடிக்கும்.
மூன்று வாரம் அவளுக்காக எழுத்துரு மாற்றினேன்.
கிளாரிஸுக்கு மஞ்சள் ஆகாது என்று
ஒரு நள்ளிரவில், எப்படியோ, எனக்குத் தெரிந்துபோனது.

அட்டைக்கு லோஷினி.
ஈசூனில் உறுமி அடிப்பவள்.
புளோக்கில் புகார் வருமென்று
கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைத் தளத்தில் பயிற்சி,
பத்து மணிக்குள் முடிக்கணும்.
வளைந்த குச்சி தோலில் உரசும்போது
எங்கோ ஒரு காரின் அலாரம் பயந்து அழும்.

கண் வாசகரை நேராகச் சந்திக்க வேண்டும், அதுதான் விளிப்பு.
இங்க பாரு, என்றேன்.
எங்க?
கேமராக்குள்ள. அங்க ஒருத்தி இருக்கா.
யாரு?
கிளாரிஸ்.
அவள் சிரித்துத் தொலைத்ததில் அந்தப் படம் மங்கல்.

கறுப்புச் சட்டை: கலகம்.
சிவப்பு எழுத்து: ஆற்றல்.
கீழிருந்து மேலே பார்க்கும் கோணம்: அதிகாரம்.
பெண்ணை அலங்காரப் பொருளாக்கும் வழக்கத்தை
இவ்வட்டை உடைக்கிறது என்று எழுதி முடித்துவிட்டு
அவள் மூக்கிலிருந்த பருவை அழித்தேன்.
வியர்வையை அழித்தேன்.
கட்டைவிரலைச் சுற்றியிருந்த பிளாஸ்டரையும்,
பார்வை தேவையில்லாத இடத்துக்குப் போகிறதே என்று.

ஒரு படத்தை மூன்று விதமாக வாசிக்கலாமாம்.
படைத்தவன் நினைத்தபடி.
பாதி ஒத்துப்போய்.
முழுசாக மறுத்து.
விரிவுரையாளர் ஹைரில் முதல் விதம். தலையாட்டினார்.
பிராஸ் பசாவில் அச்சுக்கடைக்காரர் இரண்டாவது.
நல்லாருக்கு, ஆனா சிவப்பு மை கூட என்றார்.

லோஷினிக்கு ரயிலில் காட்டினேன்.
பழக்க தோஷம், காகிதத்தின்மேல்
இரண்டு விரலை வைத்து விரித்தாள்.
பெரிதாகவில்லை. சிரித்தாள்.
அப்புறம் சிரிக்கவில்லை.
இது யார் கை?
உன்னோடதுதான்.
பிளாஸ்டர்?
அது இருந்தா கண்ணு அங்கேயே போயிடும்.
போகட்டுமே, அங்கதானே அடிச்சேன்.

கதவு மூடுகிறது என்றது ஒலிபெருக்கி.
காத்திப் வரைக்கும் நாங்கள் பேசவில்லை.

நான்காம் வரைவில் பிளாஸ்டர் இருக்கிறது,
ஓரத்தில் கொஞ்சம் அழுக்காக.
பரு இருக்கிறது.
அவள் யாரையும் பார்க்கவில்லை,
வலது பக்கத் தோல் இறங்கியிருக்கிறதோ என்று
உறுமியிடம் காது கொடுத்திருக்கிறாள்.
விளிப்பு பலவீனம், விளக்கவும்
என்று ஹைரில் எழுதினார். பி மைனஸ்.
விளக்க உட்கார்ந்தேன்.
'வாசகர் இன்னும் அவள் கண்ணில் படவில்லை'
என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டது.

பத்துப் பிரதி மேளக்குழுவுக்குப் போனது.
காற்றில்லாத மொட்டைத் தளத்தில்
ஒருவன் அதை மடித்து விசிறிக்கொண்டான்.
இன்னொருவன் உள்ளே திறந்தே பார்க்கவில்லை.
லோஷினி தன்னுடையதை உறுமிமேல் வைத்துவிட்டு
கயிற்றை இறுக்கினாள்.
தட்டிப் பார்த்தபோது இதழ் ஒருமுறை துள்ளி
அவள் காலடியில் விழுந்தது.

ஒன்று இன்னும் என் பையில் இருக்கிறது,
கிளாரிஸுக்கு.